ஒரே சீட்டில் மூன்று கைகள்

அத்தியாயம் 1

எனக்கு முகம் நினைவில் நிற்காது. கை நிற்கும்.

முப்பத்தொரு வருஷம் அம்மை குத்தினவன் நான். வில்லியனூரிலிருந்து பாகூர் வரை எவன் கையைத் தூக்கினாலும், குத்தினது ஆதிமூலமா வேறொருத்தனா, குத்தி எத்தனை வருஷம் ஆகிறது என்று தழும்பைப் பார்த்தே சொல்லிவிடுவேன். என் குத்து இடது புஜத்தில் இருக்கும். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இரண்டு, நடுவே ஒரு விரல் இடைவெளி. பிரெஞ்சுக்காரன் காலத்து டாக்டர் ஒருவர் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தது. அப்புறம் அம்மை ஒழிந்துவிட்டது என்று டெல்லியில் சொன்னார்கள். என் வேலையும் அதோடு ஒழிந்தது. ஓய்வுக்குக் கொஞ்ச காலமே பாக்கி இருக்கிறவனை வீட்டுக்கு அனுப்ப முடியாமல், ஏம்பலம் போகிற ரோட்டில் இருக்கிற எங்கள் சுகாதார நிலையத்தில் சீட்டு எழுத உட்கார வைத்தார்கள். ஐந்தாவது படித்தவனுக்கு அது போதும்.

பழக்கம் போகவில்லை. சீட்டு எழுதும்போது எந்தப் பிள்ளை வந்தாலும் சட்டைக் கையைத் தூக்கிப் பார்ப்பேன்.

1979, சித்திரை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. வெயில் ஏறிய நேரம். ஒரு பொம்பளை ஒரு பெண் பிள்ளையைத் தோளில் கை போட்டு அழைத்து வந்தாள். பழைய சீட்டை நீட்டினாள். என் கையெழுத்துதான். செல்வி, வயது பன்னிரண்டு, தாயார் கோகிலாம்பாள், ஏம்பலம். இடது கையில் தீக்காயம். இரண்டு வாரத்துக்கு முன்னால் எழுதியது.

"மூணாவது கட்டுக்கு வந்திருக்கோம் சார்" என்றாள் கோகிலாம்பாள்.

நான் பிள்ளையின் சட்டைக் கையைத் தூக்கினேன். புஜத்தில் ஒன்றுமில்லை. முன்கையில், கட்டுக்கு மேலே, கொட்டைப்பாக்கு அளவில் ஒரே ஒரு பழைய தழும்பு.

முதல் வாரம் வந்த செல்விக்குப் புஜத்தில் என் குத்து இருந்தது. ஒன்றுக்குக் கீழே ஒன்று. போன வாரம் வந்த செல்விக்குப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. அப்போதே இடறியது. கூட்டமாக இருந்தது என்று விட்டுவிட்டேன். தழும்பு நாளாவட்டத்தில் மங்கும். புஜத்திலிருந்து இறங்கி முன்கைக்கு நடந்து போகாது.

"எப்படிச் சுட்டுக்குச்சு?"

"அடுப்பாண்ட வெளையாடிச்சு சார், கஞ்சி கொட்டிடுச்சு."

மூன்று வாரமும் அதே வாக்கியம். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை.

"வூடு எங்க பாப்பா?"

"ஏம்பலம் சார்" என்றாள் கோகிலாம்பாள்.

"பாப்பாவைக் கேட்டேன்."

"அது பேசாது சார். கூச்சம்."

பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பொம்பளையின் முகத்தையும் பார்க்கவில்லை. வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

நான் மேலே ஒன்றும் கேட்காமல் சீட்டில் தேதி போட்டேன். அந்தக் காலத்தில் அம்மை குத்த வருகிறான் என்றாலே பிள்ளைகளை ஒளித்து வைப்பார்கள். ஒளித்து வைத்த பிள்ளையைத் தேடுகிறவன், தேட வந்திருக்கிறேன் என்று வாசலில் நின்று கத்தக் கூடாது.

"காசம்மா, கட்டு பிரி" என்றேன்.

காசம்மாள் எங்கள் நிலையத்தின் உதவியாள். கூட்டுவது, கட்டுப் போடுவது, பிரசவத்துக்குச் சுடுதண்ணி வைப்பது எல்லாம் அவள்தான். நாற்பத்தைந்து வயது. வாய்க்கு வயது கிடையாது. பிள்ளையை உள்ளே அழைத்துப் போனவள் ஐந்து நிமிஷத்தில் தனியாக என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, நீ எழுதற சீட்டு மாதிரியே இந்தப் புண்ணும் அதிசயமாத்தான் இருக்குது. போன வாரத்தைவிட இந்த வாரம் எளசா இருக்கு. இப்டியே போனா அடுத்த வாரம் சுட்டுக்கறதுக்கு முன்னாடி வந்து நிக்கும்."

"ஏன்னா அது போன வாரத்துப் பொண்ணு இல்ல. அதுக்கு முந்தின வாரத்துப் பொண்ணும் இல்ல. மூணு பேரு. சீட்டு ஒண்ணு."

"மூஞ்சியில தெரியலியே எனக்கு. மூணும் எலும்பும் தோலுமா ஒரே சாடை."

"கையில தெரிஞ்சுது."

"மூஞ்சிய வுட்டுட்டுக் கைய மட்டும் பாத்தியா? அதான் உன் பொண்டாட்டி தலைக்குப் பூ வெச்சதுகூட உனக்குத் தெரியாம இருந்துச்சு." சிரிக்காமல் சொன்னாள். பிறகு கண்ணால் தாழ்வாரத்தைக் காட்டினாள். "அங்க பாரு. நமக்கு முன்னாடி விசாரணைக்கு வந்துட்டாங்க."

அழுக்குக் கட்டுத் துணி கிடந்த வாளியில் சாரை சாரையாக எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

"சீழுக்கு ஈதான் வரும்" என்றேன்.

"கஞ்சிக்கும் இவ்ளோ எறும்பு வராது." குனிந்து மோந்து பார்த்தாள். "வெல்லம்ணே. கட்டுமேல பாகு தெறிச்சுக் காஞ்சிருக்கு. கைய சுட்டுக்கினு, கட்டும் போட்டுக்கினு, மறுபடி அதே கொப்பரையாண்ட நின்னுருக்குது."

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. மூன்று பேருக்கும் இடது கை. விளையாடுகிற பிள்ளை எந்தக் கையை வேண்டுமானாலும் சுட்டுக்கொள்ளும். வலது கையால் அகப்பையைப் பிடித்துப் பாகை அச்சில் ஊற்றுகிறவளுக்கு, அச்சைப் பிடித்திருக்கிற இடது கைதான் வேகும்.

"அந்தப் பிள்ளையைத் தனியா இட்டுனு போய்ப் பேசணும்" என்றேன். "பயமுறுத்தாத. எதையும் சத்தியம் பண்ணாத."

காசம்மாள் அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே அவள் குரல் கேட்டது.

"வயித்துல பூச்சி இருக்குதான்னு பாக்கணும். வா பாப்பா, கொல்லைப் பக்கம் போய் இதுல இருந்து குடு."

"நானும் வரேன்" என்று எழுந்தாள் கோகிலாம்பாள்.

"நீ எதுக்கு? உனக்கும் ஒரு டப்பா தரட்டா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கோகிலாம்பாள் உட்கார்ந்துவிட்டாள். அவள் மறுபடி எழுவதற்குள் நான் ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"ஒரு விவரம் எழுதணும்மா. பொண்ணு பொறந்ததை எத்தா சிவில்ல பதிஞ்சீங்களா?"

"இன்னா சிவிலு?"

பிறப்பு, இறப்பு எழுதுகிற ஆபீசுக்கு எங்கள் பக்கத்தில் இன்னும் பிரெஞ்சுக்காரன் வைத்த பேர்தான். ஏம்பலத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு மாடு மேய்க்கத் தெரியாமல் இருக்கலாம், அந்தப் பேர் தெரியாமல் இருக்காது.

"சரி. பொண்ணுக்கு முன்பல் எப்ப விழுந்துச்சு?"

அவள் யோசித்தாள். கஞ்சி கொட்டின கதைக்கு யோசிக்காதவள் பல்லுக்கு யோசித்தாள். "எல்லாப் பிள்ளைக்கும் விழற வயசுலதான் சார்."

நான் எழுதுகிற மாதிரி பாவனை செய்தேன். காசம்மாள் திரும்பி வந்தாள். டப்பா காலி. வாயும் காலி. அவளை அப்படி நான் பார்த்ததில்லை. என்னை மருந்து அறைக்குள் இழுத்துப் போனாள்.

"பேரு கேட்டேன். செல்வின்னுச்சு. கூட யாரு இருக்காங்கன்னேன். செல்வி இருக்குதுன்னுச்சு. வேற யாருன்னேன். இன்னொரு செல்வி. மொத்தம் நாலு பேராம்ணே. நாலும் செல்வியாம். எந்த ஊர்ல இருக்கோம்னு அதுக்குத் தெரியல. கரும்பு அரைக்கிற எடம்னு மட்டும் சொல்லுது. வெளிய போறப்ப அந்தப் பொம்பளைய அம்மான்னு கூப்பிடணுமாம்."

"முதல்ல வந்தவ? என் குத்து இருக்கிறவ?"

"அது எழுந்துக்கறது இல்லியாம். கை முழங்கை வரைக்கும் வீங்கிக் கறுத்துப் போச்சாம். தனியா ஒரு மூலையில போட்டு வெச்சிருக்காங்களாம். சொன்னேன்னு சொல்லிடாதீங்கன்னு என் பொடவைய புடிச்சிக்கினுச்சு."

இரண்டு வாரமாக அந்தக் கைக்கு மருந்தில்லை. கணக்குப் பண்ண எனக்குப் படிப்புத் தேவைப்படவில்லை.

டாக்டரம்மா மீனாட்சிக்குக் காலையிலிருந்து எண்பது நோயாளி. தலையை நிமிர்த்தாமல் நான் சொன்னதைக் கேட்டார்.

"தழும்பு மாறியிருக்குன்னு போலீஸுக்கு எழுத முடியுமா ஆதிமூலம்?"

"தீக்காயம்னு எழுதலாம்மா. தீக்காயம் வந்தா தகவல் குடுக்கணும்னு நீங்கதான் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கீங்க. மூணு தடவை வந்துச்சு. ஒரு தடவையும் போகலை."

பேனா நின்றது.

"நான் புண்ணைப் பார்த்தேன்" என்றார் மெதுவாக.

"நான் தழும்பைப் பாத்தேன். காசம்மா கட்டைப் பாத்தா."

பிள்ளையை நாங்கள் மூன்று பேருமே பார்க்கவில்லை.

இதைச் சொல்ல வேண்டும்: அதற்கப்புறம் அவர் ஒரு நிமிஷம் வீணாக்கவில்லை. எழுந்து போய், கோகிலாம்பாளிடம் கோபமில்லாத குரலில், "பொண்ணுக்கு ரணஜன்னி வர்ற மாதிரி இருக்கும்மா, ரெண்டு நாள் இங்கேயே இருக்கட்டும்" என்றார். கொண்டு வந்தவளைக் குற்றம் சாட்டவில்லை, கேள்வி கேட்கவில்லை. பிள்ளையை மட்டும் பிரித்துக் கட்டிலில் படுக்க வைத்தார். நர்ஸம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தார். போலீஸுக்குக் காகிதம் எழுதினார்.

"ஜீப் பாகூர் போயிருக்கு. மூணு மணிக்கு வரும். வந்ததும் போகலாம்."

"அதுக்குள்ள அந்தப் பொம்பளை போய்ச் சொல்லிடுவா. பிள்ளைங்களை இடம் மாத்திடுவாங்க."

எட்டிப் பார்த்தோம். பெஞ்ச் காலி. கோகிலாம்பாள் போய்விட்டாள்.

"ஜீப்பை நேரா ஆலைக்கு அனுப்புங்கம்மா" என்றேன்.

"எந்த ஆலை? இந்தப் பக்கம் இருபது இருக்கு."

பதில் சொன்னது காசம்மாள். "இருபது இருந்துச்சு. பங்குனியோட எல்லாம் நின்னு கொப்பரைய கவுத்துட்டாங்க. சித்திரை வெயில்ல ஆளு எவன் அடுப்பாண்ட நிப்பான்? ஆனா அந்தப் பொண்ணு கட்டுல இருக்கறது நேத்துப் பாகு. நெட்டப்பாக்கம் ரோட்ல, மதகைத் தாண்டி, தெய்வசிகாமணி கொட்டகை ஒண்ணுதான் இன்னும் பொகையுது. போற வர்றப்பல்லாம் எப்டிடா இவனுக்கு மட்டும் ஆளு கெடைக்குதுன்னு நெனச்சிக்கினு போவேன்." நிறுத்தினாள். "நெனச்சிக்கினுதான் போயிருக்கேன்."

நான் அலமாரியின் அடியிலிருந்து என் பழைய அம்மைப் பெட்டியை எடுத்தேன். மேலே தூசி ஒரு விரல் கனம்.

சைக்கிளில் பின்னால் காசம்மாள் குடையோடு உட்கார்ந்ததும் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்த்தது.

"மிதிண்ணே. பொணத்தை ஏத்திக்கினு போற மாதிரி போற."

"பொணம் பேசாது."

"உன் பெட்டியில ஊசி இருக்குதா?"

"ஒண்ணும் இல்ல. காலி."

"நல்லாருக்கு. காலிப் பெட்டி, கிழவன், வார்டு கூட்டறவ. நம்மளப் பாத்ததும் அவன் நடுங்கிடுவான்."

மதகு தாண்டியதும் வாடை வந்தது. கொட்டகைக்கு முன்னால் கயிற்றுக் கட்டிலில் தெய்வசிகாமணி மல்லாந்திருந்தான். வெள்ளை வேட்டி, மார்பில் விசிறி. கோகிலாம்பாள் அவனுக்குப் பின்னால் அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை. கொப்பரையைச் சுற்றி நிற்க வேண்டிய ஆள் ஒருவரும் இல்லை. பாகு மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"யாருய்யா?"

"அம்மை குத்தறவன்."

"இங்க பிள்ளைங்களே இல்லியே."

"பிள்ளைங்க இருக்கான்னு நான் கேக்கவே இல்லியே."

அவன் எழுந்து உட்கார்ந்தான். நான் சுற்றிப் பார்க்கவில்லை. அவன் கண்ணை மட்டும் பார்த்தேன். முப்பத்தொரு வருஷத்தில் பிள்ளைகளைக் குதிரிலிருந்தும், வைக்கோல் போரிலிருந்தும், ஒரு தடவை பாழுங்கிணற்றுப் படியிலிருந்தும் எடுத்திருக்கிறேன். ஒளித்தவன் கண் எல்லா இடத்துக்கும் போகும். ஒளித்த இடத்துக்கு மட்டும் போகாது. தெய்வசிகாமணி அரவை இயந்திரத்தைப் பார்த்தான். மாட்டைப் பார்த்தான். காசம்மாளின் குடையைப் பார்த்தான். இடது பக்கம் ஆள் உயரத்துக்கு மலை மாதிரி கிடந்த கரும்புச் சக்கையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"காசம்மா, அந்தச் சக்கைப் போருக்குப் பின்னால" என்றேன்.

அவன் "யோவ்" என்று எழுவதற்குள் அவள் போய்விட்டாள். நானும் போனேன்.

சக்கையைக் குடைந்து ஒரு பொந்து மாதிரி செய்திருந்தார்கள். இரண்டு பிள்ளைகள் குந்தியிருந்தார்கள். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததும் இரண்டும் எழுந்தன. ஒருவர் பின்னால் ஒருவராக வரிசையில் நின்று, சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டன. யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே செய்தன. இதுகளுக்கு இதை யார் பழக்கினார்கள் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை.

மூன்றாவது கீழே கிடந்தது. சாக்கு விரிப்பு. புகை மாதிரி ஈ. இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரை மரக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. அதற்கும் மேலே, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, என் குத்து.

முதல் வாரம் நான் இவளை மேற்கொண்டு கேள்வி கேட்காமல் விட்டது இந்தக் குத்தைப் பார்த்துத்தான். நான் குத்தின பிள்ளை என்றால் நம் கம்யூன் பஞ்சாயத்துப் பிள்ளை, வேறென்ன என்று விட்டேன். அண்ணன் தம்பியை நம்பாதவன், சர்க்காரை நம்பாதவன், என் தழும்பை நம்பினேன்.

காசம்மாள் அவள் நெற்றியில் கை வைத்தாள். "அனலா கொதிக்குதுண்ணே."

தெய்வசிகாமணி பின்னாலேயே வந்து நின்றான். "சொந்தக்காரப் பிள்ளைங்கய்யா. அடுப்பாண்ட வெளையாடிச்சு, கஞ்சி கொட்டிடுச்சு."

"இந்த வாக்கியத்தை எந்தக் கடையில அச்சடிச்சு விக்கறாங்க?" என்றாள் காசம்மாள். "ஊர்ல எல்லாரும் வாங்கி வெச்சிருக்கீங்க."

"நாக்கை அடக்கு. எந்திரிச்சுப் போங்க ரெண்டு பேரும். பிள்ளைங்க மேல கை வெச்சா நடக்கறதே வேற."

அவன் ஆறடி. நான் அறுபதை நெருங்குகிறவன். மணி இரண்டுதான். சண்டைக்கு நின்றால் அந்தப் பிள்ளை அங்கேயே கிடக்கும். அவள் கழுத்திலும் கன்னத்திலும் பாகு தெறித்த கொப்புளம் காய்ந்து கரும்புள்ளியாக இருந்தது. அதைப் பார்த்தேன். குனிந்து உற்றுப் பார்த்தேன். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"காசம்மா, கிட்ட போகாத."

"ஏண்ணே?"

"பெரியம்மை."

காசம்மாளுக்கு அரை நொடி பிடித்தது. அப்புறம் "ஐயோ மாரியாத்தா" என்று மாரில் அடித்துக்கொண்ட அடியில் மாடு இரண்டும் மிரண்டன.

"இந்தியாவுலயே இல்லன்னு சொன்ன நோயி" என்றேன் அவனிடம். "இப்ப உன் கொட்டகையில இருக்கு. டெல்லிலேந்து வருவான், வெள்ளைக்காரன் வருவான். நாலு மைல் சுத்தி வேலி போடுவான். உன் வூட்டுல ஒவ்வொரு அறையா பூந்து எழுதுவான். தப்பிக்கணும்னா ஒரே வழி. இந்தப் பிள்ளைங்க எல்லாத்தையும் இப்பவே நான் கொண்டுபோய்த் தனியா வைக்கணும்."

அவன் முகம் வெல்லம் மாதிரி இளகியது. பிறகு திடீரென்று இறுகியது.

"வராதே. எப்டி வரும்? எல்லாத்துக்கும் குத்தியிருக்கு. சர்க்கார் சர்டிபிகேட்டே இருக்கு எங்கிட்ட."

உள்ளே ஓடி ஒரு தகரப் பெட்டியைக் கொண்டு வந்தான். நாலு காகிதத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"படிச்சுப் பாரு."

அச்சடித்த காகிதம். 'திரு / திருமதி / செல்வி' என்று இருக்கும். அதற்கப்புறம் பேர் எழுதப் புள்ளிக் கோடு. பிறகு, 'என்பவருக்கு அம்மை குத்தப்பட்டது'. நாலிலும் திரு அடிக்கப்பட்டிருந்தது. திருமதி அடிக்கப்பட்டிருந்தது. செல்வி மட்டும் நின்றது. புள்ளிக் கோட்டில் ஒன்றுமில்லை. அடியில் கையெழுத்து.

கோணல் எழுத்து. ஆதிமூலம்.

போன வருஷம் தை மாதம், திருக்கனூர் சந்தை. ஒரு மேஸ்திரி பதினோரு பெண் பிள்ளைகளைப் புளியமரத்தடியில் வரிசையாக நிறுத்தியிருந்தான். அனாதை விடுதிக்குப் போகிறார்கள், அம்மைச் சீட்டு வேண்டும் என்றான். அந்த மாதத்துக்குக் குத்திக் காட்ட வேண்டிய எண்ணிக்கை எனக்குக் குறைந்தது. கையைச் சுருட்டு, திரும்பு, அடுத்தது. தழும்பு இருந்தவர்களைத் தள்ளிவிட்டு இல்லாதவர்களுக்குக் குத்தினேன். பேர் கேட்டேன். "வெயிலா இருக்கு, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, பேரை நான் எழுதிக்கறேன்" என்றான். பதினோரு காகிதத்திலும் திருவை அடித்தேன், திருமதியை அடித்தேன், கையெழுத்துப் போட்டேன். பதினோரு கை பார்த்தேன். ஒரு முகத்தையும் பார்க்கவில்லை.

அவன் பேர் எழுதவே இல்லை. எழுத வேண்டிய அவசியம் அவனுக்கு என்ன? காகிதத்தில் செல்வி என்று இருந்தது. அதையே கூப்பிட்டார்கள்.

காசம்மாள் என் தோளுக்கு மேலாக அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். தினம் நூறு சீட்டில் பார்க்கிற கையெழுத்து.

"இன்னா பாக்கற? செல்லாதா?" என்றான் தெய்வசிகாமணி.

"செல்லாது. இந்தக் கையெழுத்துப் போட்டவனை எனக்குத் தெரியும்" என்றேன். "திருட்டுப்பய. இவன் குத்தினது எதுக்கும் உதவாது. இவனை நம்பித்தான் இந்தப் பிள்ளைக்கு இந்தக் கதி."

பொய் சொல்லி ஆரம்பித்த பேச்சில் அது ஒன்றுதான் நிஜம். அதனால்தானோ என்னவோ அவன் நம்பினான்.

"தூக்கினு போ. எல்லாத்தையும் தூக்கினு போ. என் பேரு வரக்கூடாது."

"காகிதத்தையும் குடு. சோதிக்கணும்."

கொடுத்துவிட்டான். ஜீப் வருகிற வரை எங்களுக்குக் கிட்டேகூட வரவில்லை. மதகுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். காகிதம் போய்ச் சேர்ந்து சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்கள் வருவதற்குள் அவன் எங்கே நிற்பான் என்பது அவனுக்கும் அவர்களுக்கும்தான் வெளிச்சம்.

பிள்ளையைச் சாக்கோடு தூக்கி ஜீப்பில் ஏற்றும்போது கோகிலாம்பாள் பக்கத்தில் வந்தாள்.

"புண்ணு நாறுச்சு. அவரு வேணாம்னாரு. நான்தான் கட்டாயமா இட்டாந்தேன்" என்றாள். "வாரம் ஒருத்தியா, ஒரே சீட்டுல. எவனாவது இன்னாடி இதுன்னு கேப்பான்னு. மூணு வாரம் ஆச்சு சார் உனக்கு."

அது நிஜமா, தப்பிக்கச் சொல்கிறாளா எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. வண்டியில் ஏறு என்றேன். ஏறினாள்.

புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் கை வீங்கிய பிள்ளையை உள்ளே தூக்கிக்கொண்டு போய் அரை மணி கழித்து ஒரு சர்ஜன் வெளியே வந்தார். கூட வந்தது யார் என்று கேட்டார்.

"உயிர் நிக்கும்" என்றார். "கை நிக்காது. புஜத்தோட எடுக்கணும்."

என் இரண்டு தழும்பும் அதில்தான் இருந்தன. இனிமேல் இவளை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் எனக்கு முகம்தான் உண்டு. தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். வலது புருவத்தின் நடுவில் ஒரு வெட்டு. மேல் உதட்டில் சின்ன மச்சம். மூக்கு குத்தி, அதில் வேப்பங்குச்சி.

குமாஸ்தா ஒரு படிவத்தை நீட்டி, அவசரம், சீக்கிரம் நிரப்பு என்றான். அச்சடித்திருந்தது. திரு / திருமதி / செல்வி. புள்ளிக் கோடு.

திருவை அடித்தேன். திருமதியை அடித்தேன். செல்வியையும் அடித்தேன்.

"யோவ், அதை ஏன்யா அடிக்கற?"

"பேரு எழுதணும்."

"அப்புறம் எழுதிக்கலாம்யா. கையெழுத்துப் போடு."

"முடியாது" என்றேன்.

காசம்மாள் குனிந்து பிள்ளையின் காதில் பேசினாள். கேலியில்லாத அவள் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "உங்கம்மா உன்ன இன்னான்னு கூப்புடும், கண்ணு?"

உதடு அசைந்தது. செல்வி என்றது. காசம்மாள் மறுபடி கேட்டாள். மறுபடி செல்வி. குமாஸ்தா மேசையைத் தட்டினான். நான் பேனாவைப் பிடித்தபடி நின்றேன். நாலாவது தடவை வேறொரு பேர் வந்தது.

"செங்கமலம்."

எழுத்துக் கூட்டி எழுதினேன். ங் இரண்டு தடவை விழுந்தது. அடித்துத் திருத்தினேன்.

மற்ற மூன்று பேரின் பேரையும் அன்று சாயங்காலத்துக்குள் கேட்டு எழுதிவிட்டேன். அதோடு டாக்டரம்மாவிடம், திருக்கனூர் சந்தையில் நடந்ததை நானே சொல்லி, அவர் எழுத, அடியில் கையெழுத்தும் போட்டேன். ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கிறவன் போடக்கூடாத கையெழுத்து அது.

ஜீப்பில் திரும்பும்போது காசம்மாள் வாயைத் திறந்தாள்.

"நாலு ஆச்சுண்ணே. அந்த மேஸ்திரிகிட்ட மொத்தம் எத்தினி காகிதம் குடுத்த?"

"பதினொண்ணு" என்றேன்.